ஆர்கானிக் காப்பி: செடியிலிருந்து டப்பா வரை

வருடக்கணக்கில் ஒரு சொட்டு ரசாயனம் படாமல் வளர்ந்த செடி. ஆள் நின்று கையால் பறித்த பழம். பக்குவமாகக் காய்ந்த கொட்டை. அதை மூட்டை கட்டி ஒரு பொதுக் கிடங்கில் இறக்குகிறார்கள். பக்கத்து மூட்டைகளில் வண்டு விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கிடங்கு முழுவதற்கும் பாஸ்பீன் புகை போட்டுவிட்டால், அன்றோடு அந்தக் காப்பிக்கு ஆர்கானிக் என்ற பெயர் போய்விடும். கொட்டை அதேதான், ருசியிலும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பெயர் போனது போனதுதான்.

ஆர்கானிக் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பது இந்த இடத்தில் நன்றாகத் தெரிந்துவிடும். அது கொட்டையின் தரத்துக்குப் போடும் மதிப்பெண் அல்ல. கொட்டை எந்த வழியாக வந்தது என்பதற்கான சாட்சி. எந்த மண், எந்த உரம், எந்த இயந்திரம், எந்தச் சாக்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு காட்ட வேண்டும். கணக்கில் ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் சாதாரணக் காப்பியாகிவிடும்.

நிழலும் உரமும்

அராபிகா காப்பி எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் தானாக வளர்ந்த செடி. வடிகட்டி இறங்கும் வெயில், சருகு மூடிய மண், 18 முதல் 22 டிகிரி வரையிலான மிதமான சூடு. அது பழகியது இதற்குத்தான். இன்னொரு காப்பி இனமான ரொபஸ்டா கொஞ்சம் முரடு. தாழ்வான, வெக்கையான இடங்களிலும் நின்று காய்க்கும். இலையிலும் கொட்டையிலும் கஃபீன் கூடுதல் என்பதால் பூச்சிகளும் அதனிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கும். அராபிகாக் கொட்டையில் கஃபீன் சுமார் 1.2 சதவீதம் என்றால் ரொபஸ்டாவில் அநேகமாக இரண்டு மடங்கு. செடியைப் பொறுத்தவரை கஃபீன் என்பதே ஒரு பூச்சிமருந்துதான்.

காட்டுச் செடியை வெட்டவெளிக்குக் கொண்டுவந்த கதை ரொம்பப் பழையதல்ல. காப்பி இலையைத் தாக்கும் பூஞ்சையான இலைத்துரு நோய் 1970இல் பிரேசிலை எட்டியது. நிழலும் ஈரமும் நோயை வளர்க்கும் என்ற பயத்தில் லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளில் நிழல் மரங்களை வெட்டிவிட்டு, குட்டையான புது ரகங்களை நெருக்கமாக நட்டார்கள். வெயிலில் நிற்கும் செடி அதிகம் பூக்கும், அதிகம் காய்க்கும், அந்த அளவுக்கு அதிகம் சாப்பிடவும் செய்யும். யூரியா மூட்டை தோட்டத்துக்குள் நிரந்தரமாகக் குடிவந்தது அப்படித்தான்.

ஆர்கானிக் சாகுபடியில் அந்த மூட்டைக்கு இடமில்லை. அப்போது என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் பச்சைக் காப்பிக்கொட்டை தோட்டத்தை விட்டு வெளியேறும்போது ஏறக்குறைய 35 கிலோ நைட்ரஜனையும் அதைவிடக் கூடுதலாகப் பொட்டாஷையும் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. நல்ல மக்கிய உரத்தில் நைட்ரஜன் ஒரு சதவீதம் இருந்தால் பெரிய விஷயம். ஆக, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மட்டுமே மூன்றரை டன் உரம் வேண்டும். செடி புதுக் கிளை விட வேண்டும், மழையில் கரைந்து போவதையும் ஈடுகட்ட வேண்டும் என்று சேர்த்தால் இன்னும் கூடும். சரிவான மலைத் தோட்டத்தில் அத்தனையையும் தலைச்சுமையாக ஏற்றித் தூர் தூராகப் போடுவதை நினைத்துப் பாருங்கள். ஆர்கானிக் தோட்டங்களில் விளைச்சல் பெரும்பாலும் குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த நைட்ரஜன் பற்றாக்குறைதான். பூச்சி அதற்குப் பிறகுதான் வரும்.

அதனால்தான் நிழல் மரம் திரும்பி வருகிறது. முள்முருங்கை போன்ற பயறு வகை மரங்கள் வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். உதிரும் இலை மூடாக்காகி மண்ணின் ஈரத்தைக் காக்கும், களையையும் அடக்கும். நிழலில் பழம் மெதுவாகப் பழுக்கும் என்பதால் கொட்டை நன்றாக முற்றவும் நேரம் கிடைக்கிறது. ஆனால் நிழல் எவ்வளவு இருந்தாலும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடிப்போனால் பூ குறையும், இலையில் ஈரம் தங்கும், துருநோய்க்குக் கொண்டாட்டமாகிவிடும். அதனால் மழைக்கு முன்னால் மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். காப்பிச் செடிக்கும் வருடாவருடம் கிளை வெட்டும் கவாத்து உண்டு. இந்த நிதானம் ஆட்களின் கையில் இருக்கிறது, எந்தக் கையேட்டைப் பார்த்தும் வராது.

ஒரு சிறு விலகல். நிழல் என்பது ஆர்கானிக் சான்றிதழின் கட்டாயம் அல்ல. மரமே இல்லாத தோட்டத்துக்கும் அந்தச் சான்றிதழ் கிடைக்க வாய்ப்புண்டு. பறவைகளுக்கும் சேர்த்து நிழல் வேண்டும் என்று கேட்பது வேறொரு முத்திரை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் இடம்பெயர் பறவைகள் மையம் 1990களில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சேர, தோட்டம் முதலில் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தது 40 சதவீதம் நிழற்கூரையும் பல வகை மரங்களும் இருக்க வேண்டும். ஆர்கானிக் என்றதும் நம் மனதில் வரும் அடர்ந்த பசுமைப் படம் உண்மையில் இந்த இரண்டாவது முத்திரைக்குத்தான் பொருந்தும்.

மருந்தே அடிக்காததா?

இல்லை. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆர்கானிக் தோட்டத்திலும் மருந்து தெளிப்பான் உண்டு. எதைத் தெளிக்கலாம் என்ற பட்டியல்தான் வேறு.

இலைத்துருவுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தென்பட்டது இந்தப் பூஞ்சை. இரண்டு தலைமுறையாக வளர்ந்த தொழில் அதன்பின் இருபது வருடங்களுக்குள் சரிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. தாமிரம் கொண்ட மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்காக 1885இல் அறிமுகமானபோது இலங்கைக் காப்பிக்கு நேரம் கடந்துவிட்டது. மற்ற நாடுகளில் அந்தக் கலவை இன்றும் வேலை செய்கிறது, ஆர்கானிக் விதிகளும் அதை அனுமதிக்கின்றன. ஆனால் தாமிரம் ஓர் உலோகம். மண்ணில் விழுந்தால் சிதைந்து மறையாது, வருடாவருடம் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கும் நல்லதல்ல. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு ஏழு வருடங்களில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. இயற்கையாகக் கிடைப்பதெல்லாம் சாது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பொருளைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தெளிப்பதைவிட நல்ல வழி நோய் தாங்கும் ரகம். 1920களில் தீமோர் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து உருவான ஒரு செடியைக் கண்டுபிடித்தார்கள். இன்று உலகில் துருநோயைத் தாங்கும் பல ரகங்களில் ஓடுவது அதன் வழிவந்த குணம்தான். பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. புதுப்புது வடிவம் எடுத்து, தாங்கிய ரகங்களையும் சில இடங்களில் வீழ்த்தியிருக்கிறது.

காய்த் துளைப்பான் இன்னொரு தலைவலி. எள்ளைவிடச் சின்னதான இந்தக் கருவண்டு காயின் நுனியில் துளை போட்டு உள்ளே போய்க் கொட்டையிலேயே முட்டையிட்டு அங்கேயே குடும்பம் நடத்தும். வெளியே எதைத் தெளித்தாலும் உள்ளே இருப்பதற்கு எட்டாது. இதற்காகப் பல நாடுகளில் ஊற்றிய எண்டோசல்பானை, உலக அளவில் ஒழிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை சேர்த்தது. ஆர்கானிக் தோட்டக்காரரின் ஆயுதங்கள் வேறு. அறுவடை முடிந்தபின் செடியில் தங்கிய காயையும் தரையில் விழுந்த காயையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுப்பது முதல் வேலை. அடுத்த பருவம் வரை வண்டு உயிர் பிழைத்திருப்பது அந்த மிச்சத்தில்தான். அப்புறம் வண்டைத் தாக்கிக் கொல்லும் வெள்ளைப் பூஞ்சையைத் தெளிப்பது, ஆல்கஹால் வாசனை வைத்த பொறிகளைக் கட்டுவது. பறவைகளும் கை கொடுக்கின்றன. கோஸ்டாரிகாவின் தோட்டங்களில் ஆராய்ந்தபோது, பறவைகள் நடமாடும் செடிகளில் இந்த வண்டின் சேதம் பாதியாகக் குறைந்திருந்தது. இவற்றில் எதுவும் தனியாக நின்று ஜெயிக்காது. பொறுக்கி எடுக்கும் வேலையை மட்டும் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

சான்றிதழ் எங்கே கசக்கிறது என்றால், மாறும் காலத்தில். ரசாயனத்தை நிறுத்தி மூன்று வருடம் கழிந்தபின் எடுக்கும் அறுவடையைத்தான் அமெரிக்க விதியும் ஐரோப்பிய விதியும் ஆர்கானிக் என்று ஏற்கும். அந்த மூன்று வருடமும் விளைச்சல் குறையும், விற்பதோ சாதாரண விலைக்கு. பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. உரம் வாங்க வசதியே இல்லாததால் என்றைக்கும் ரசாயனம் போடாத சிறு விவசாயிகள் எத்தியோப்பியாவிலும் பிற நாடுகளிலும் நிறையப் பேர். வேலையெல்லாம் ஆர்கானிக்தான். ஆனால் தணிக்கைக்குக் கொடுக்கப் பணமும் காட்டக் காகிதமும் இல்லாததால் அந்தப் பெயரில் விற்க முடியாது. நூற்றுக்கணக்கான சிறு தோட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, தங்களுக்குள் கண்காணிப்பு அமைத்து, ஒரே சான்றிதழ் வாங்கும் கூட்டு முறை வந்தது இதனால்தான். பெரு, மெக்சிகோ போன்ற நாடுகளின் ஆர்கானிக் காப்பியில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கூட்டுறவுகள் வழியாக வருகிறது.

பழம் கொட்டையாவது

அராபிகா பூத்து ஏழு முதல் ஒன்பது மாதத்தில் பழுக்கும். ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் கலந்து நிற்கும் என்பதால் நல்ல காப்பி வேண்டுமென்றால் பழுத்ததை மட்டும் பறிக்க மூன்று நான்கு தடவை திரும்ப வர வேண்டும். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை தேறும்.

பறித்த பழம் அன்றே பக்குவத்துக்குப் போக வேண்டும். மூன்று வழிகள் உண்டு. பழத்தை அப்படியே களத்தில் காயப்போடுவது ஒன்று. தோலை உரித்து, மேலே ஒட்டிய பிசினைப் புளிக்கவைத்துக் கழுவிக் காயவைப்பது இன்னொன்று. பிசினில் கொஞ்சத்தை ஒட்டவிட்டே காயவைப்பது இவற்றுக்கு நடுவில் வரும். கழுவும் முறையில்தான் சூட்சுமம் அதிகம். பல்ப்பர் என்ற தோலுரிக்கும் இயந்திரத்தில் தோல் உரிந்த கொட்டையைத் தொட்டியில் போட்டால், காற்றிலும் பழத்திலும் இருந்த ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பிசினைக் கரைக்கத் தொடங்கும். குளிரைப் பொறுத்து அரை நாளும் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த முடியாது. ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்ப்பார்கள். வழுவழுப்பு போய்ச் சரளைக்கல் மாதிரி கரகரத்தால் கழுவிவிட வேண்டும். விட்டுவிட்டால் கொட்டை அழுகல் வாடை பிடிக்கும். அப்படி ஒரு கொட்டை போதும், ஒரு கோப்பை முழுவதும் நாறிவிடும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது பலர் கேட்காத கேள்வி. அதில் சர்க்கரையும் பிசினும் நிறைய. ஓடையில் விட்டால் அவை அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். செடிக்கு ரசாயனம் போடாமல் ஆற்றைக் கொன்றால் அது என்ன இயற்கை விவசாயம்? பொறுப்பான இடங்களில் தண்ணீரைச் சுழற்றிப் பயன்படுத்தி, குழிகளில் தேக்கி வடியவிடுகிறார்கள். பிசினை உராய்ந்தே எடுக்கும் இயந்திரம் வைத்தால் பழைய முறையின் சிறு பங்குத் தண்ணீர் போதும். உரித்த தோல் பழத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. அதில் பொட்டாஷ் நிறைய உண்டு. மக்கவைத்துச் செடிக்கே திருப்பினால் முன்னால் போட்ட உரக் கணக்கில் ஒரு பகுதி அடைபடும்.

அடுத்தது உலர்த்துவது. ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். அதற்குமேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் ஆக்ராடாக்சின் என்ற நஞ்சைக் கொட்டையில் விட்டுப்போகும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. அவசரப்பட்டு உச்சி வெயிலில் காயவைத்தால் மேலோடு வெடிக்கும். வலைபோட்ட உயரமான மேடையில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரவில் மூடி வைத்தால் கழுவிய கொட்டை பத்து நாளில் காயும். முழுப் பழம் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம். ஆர்கானிக் முத்திரைக்கும் இந்தப் பக்குவத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. விதியை ஒழுங்காகப் பின்பற்றிவிட்டு மோசமாகக் காயவைத்த ஆர்கானிக் காப்பியும் உண்டு, குடித்தால் ஈரச் சாக்கை நனைத்துப் பிழிந்த மாதிரி இருக்கும்.

கிடங்கும் வறுக்கும் இடமும்

காய்ந்த கொட்டைக்கு மேல் பார்ச்மென்ட் எனப்படும் மொறுமொறுப்பான ஓடு இருக்கும். ஏற்றுமதிக்குச் சற்று முன்புவரை அதை நீக்காமல் வைப்பது வழக்கம். கொட்டைக்கு அதைவிட நல்ல உறை கிடையாது. ஓட்டை நீக்கியபின் குளிர்ச்சியாக, உலர்வாக வைத்தால் பச்சைக் கொட்டை ஏறத்தாழ ஒரு வருடம் குணம் மாறாமல் இருக்கும். அதைத் தாண்டினால் நிறம் வெளுத்து, ருசியில் மரத்தூளும் சணலும் தெரியும்.

ஆர்கானிக் கொட்டைக்கு இங்கே இரட்டைக் கவலை. மீதைல் புரோமைடும் பாஸ்பீனும் போடக் கூடாது. சணல் நாரைப் பதப்படுத்தக் கனிம எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு என்பதால் சாக்கையும் பார்த்து வாங்க வேண்டும். காற்றும் ஈரமும் புகாத பிளாஸ்டிக் உட்பை இதற்கு நல்ல விடை. உள்ளே ஆக்சிஜன் குறையக் குறையப் பூச்சி தானே மடியும், கொட்டையின் வாசனையும் தங்கும்.

வறுக்கும் இடத்தில் ஒரே இயந்திரத்தில் இரண்டு வகையும் ஓடுவது சகஜம். அப்போது ஆர்கானிக்கைப் போடுமுன் சுத்தம் செய்ததற்கும், எத்தனை கிலோ வந்து எத்தனை கிலோ போனது என்பதற்கும் பதிவேடு இருக்க வேண்டும். வறுத்தால் எடை 15 சதவீதம் போலக் குறையும். தணிக்கைக்காரர் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். வாங்கியது 100 கிலோ, விற்றது 120 கிலோ என்றால் மிச்சத்தை அவர் சொல்லத் தேவையில்லை. கஃபீன் நீக்கிய காப்பியிலும் ஒரு வேறுபாடு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லுட்விக் ரோசலியஸ் கஃபீனை எடுக்கப் பயன்படுத்தியது பென்சீன். அது எப்போதோ போய்விட்டது, ஆனால் மெத்திலீன் குளோரைடு என்ற ரசாயனக் கரைப்பான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆர்கானிக்கில் அதற்கு இடமில்லை. தண்ணீர் கொண்டோ, அழுத்தமேற்றிய கார்பன் டைஆக்சைடு கொண்டோதான் கஃபீனை எடுக்க வேண்டும்.

சரி, இத்தனையும் குடிப்பவருக்கு எவ்வளவு லாபம்? என் கணிப்பில், நாம் நினைப்பதைவிடக் குறைவு. கொட்டை இருப்பது பழத்துக்கு உள்ளே. தோல், பிசின், பார்ச்மென்ட் எல்லாம் போய், 200 டிகிரி சூட்டில் வறுபட்டபின் மருந்து எச்சத்தில் பெரும்பகுதி மிஞ்சுவதில்லை. உண்மையான லாபம் முதுகில் தெளிப்பானைச் சுமக்காத தொழிலாளிக்கும், மண்ணுக்கும், கீழே ஓடும் ஓடைக்கும். அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியென்றே படுகிறது. உடம்புக்கு அமிர்தம் என்று சொல்லி விற்பதுதான் உறுத்துகிறது.

வறுத்த பிறகு

ஆர்கானிக் காப்பியில் பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காததால் அது சீக்கிரம் கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. சாதாரணக் காப்பிக்கொட்டையிலும் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டும் ஒரே வேகத்தில்தான் பழசாகின்றன.

பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் தாங்கும், வறுத்ததோ வாரக்கணக்கில். வறுக்கும்போது கொட்டைக்குள் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்களும் கூடவே கார்பன் டைஆக்சைடும் உருவாகின்றன. ஒரு கிலோ கொட்டையில் இந்த வாயு 5 முதல் 10 லிட்டர் வரை தங்கியிருக்கும். அது சில நாட்களாகக் கசிந்துகொண்டே இருக்கும். அடைத்த பை உப்பி வெடிக்காமல் இருக்கத்தான் பையின் முகப்பில் அந்தச் சின்ன ஒருவழித் துளை. உள்ளிருக்கும் வாயு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. முகர்ந்து பார்க்க வைத்தது என்று நானும் ரொம்ப நாள் நினைத்து, பையை அமுக்கி அமுக்கி உள்ளிருந்த நல்ல வாயுவையெல்லாம் வெளியேற்றியிருக்கிறேன்.

வாயு போன இடத்தில் ஆக்சிஜன் புகும். அராபிகாக் கொட்டையில் 15 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் அது காறும், பழைய எண்ணெய் வாடை வரும். கருக வறுத்த கொட்டையில் எண்ணெய் மேலே வந்து மினுங்கும், அதனால் அது இன்னும் சீக்கிரம் காறிவிடும். அரைத்துவிட்டால் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடி, வாரக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்குகிறது. திறந்த பையில் முழுக் கொட்டை இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும் என்றால், தூள் சில நாளிலேயே மந்தமாகும். ஒரு மாதத்துக்கான தூளை ஒரே நாளில் அரைத்து வைப்பதைவிடப் பெரிய தப்பு இதில் இல்லை. வறுத்த அன்றே குடித்தாலும் நன்றாக இருக்காது. வாயு கொதித்துக் கிளம்பித் தண்ணீரைத் தூளுக்குள் இறங்கவிடாது. நாலைந்து நாள் பொறுக்கலாம்.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியது வறுத்த தேதியை. எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று மட்டும் போட்டிருந்தால் அதிலிருந்து எதையும் கணக்கிட முடியாது. வீட்டில், காற்றுப் புகாத, வெளிச்சம் ஊடுருவாத டப்பா. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், சூடு ஏற ஏறக் காறுவதும் வேகமாகும். பாதி காலியான பெரிய டப்பாவில் பாதி காற்றுதான் இருக்கிறது என்பதால் குறையக் குறையச் சின்ன டப்பாவுக்கு மாற்றுவது நல்லது.

ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். அங்கே இருக்கும் மற்ற எல்லாவற்றின் வாசனையையும் காப்பி உறிஞ்சும். ஒவ்வொரு முறை எடுத்துத் திறக்கும்போதும் குளிர்ந்த தூளின்மேல் ஈரம் படியும். அதிகமாக வாங்கிவிட்டால் உறைநிலைப் பெட்டிதான் வழி. ஒரு வாரத்துக்கு ஆகும் அளவாகப் பிரித்து, காற்றை நீக்கி இறுக்கி மூடி உள்ளே போட்டால் மாதக்கணக்கில் அநேகமாக அப்படியே இருக்கும். எடுத்த பொட்டலம் அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. திறந்ததைத் திரும்ப உள்ளே வைக்கவும் கூடாது.